ஹவுசிங் வாங்கியாயிற்று, இனி எந்த போர்ட்?

உங்கள் கேள்வியைச் சுருக்கமாக எழுதிவிட்டுப் பதிலுக்கு வருகிறேன். சோனி ஃபுல் ஃபிரேம் கேமராவைத் தண்ணீருக்குள் கொண்டுபோக ஹவுசிங் என்ற அலுமினியக் கூடு வாங்கிவிட்டீர்கள். லென்ஸுக்கு முன்னால் அதில் மாட்டும் ஒளி புகும் முகப்புதான் போர்ட்; தட்டையாக இருந்தால் ஃபிளாட் போர்ட், கிண்ணம்போல வளைந்திருந்தால் டோம். கையில் மூன்று லென்ஸ்கள் இருக்கின்றன: கேமராவோடு வந்த 28-60, எஃப் 4 துளையுள்ள 16-35, 90 மி.மீ. மேக்ரோ. பெரும்பாலும் புதுச்சேரியில் டைவ் செய்கிறீர்கள், வருகிற சீசனில் அந்தமான் போகிறீர்கள். கேட்பது இதுதான்: “எட்டு அங்குல டோம் ஒன்று வாங்கினால் மூன்று லென்ஸுக்கும் போதுமா? கண்ணாடி வாங்குவதா, அக்ரிலிக் வாங்குவதா?”

போதாது. உங்களுக்கு முதலில் வேண்டியது அந்த டோமே இல்லை என்று நினைக்கிறேன். ஏன் என்று முழுதாகச் சொல்லிவிடுகிறேன். போர்ட் விஷயத்தில் காரணம் புரியாமல் வாங்கினால் பணம் இரண்டு முறை செலவாகும்.

போர்ட்டை நாம் கேமராவுக்குத் தண்ணீர் படாமல் காக்கும் ஒரு மூடி என்றே எண்ணிவிடுகிறோம். தண்ணீருக்குள் இறங்கியதும் அது லென்ஸின் முதல் கண்ணாடியாகிவிடுகிறது. அதன் முன்னால் தண்ணீர், பின்னால் காற்று. ஒளி அந்த எல்லையைத் தாண்டும்போது வளைகிறது. தண்ணீரின் ஒளிவிலகல் எண் ஏறக்குறைய 1.33, காற்றுக்கு 1. மற்ற எல்லாம் இந்த இரண்டு எண்களிலிருந்துதான் வருகின்றன.

ஃபிளாட் போர்ட்டை முதலில் பார்ப்போம். நீங்கள் ஏற்கனவே அதன் வழியாகத்தான் கடலைப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள், ஏனென்றால் டைவிங் மாஸ்க்கும் ஒரு ஃபிளாட் போர்ட்தான். மாஸ்க் போட்டுப் பார்க்கும்போது நாலடி தள்ளியிருக்கும் மீன் மூன்றடியில் இருப்பதுபோலத் தெரிகிறது. பொருளின் அளவு மாறுவதில்லை. தூரம்தான் முக்காலாகச் சுருங்குகிறது, அதனால் பெரிதாகத் தெரிகிறது. லென்ஸுக்கும் இதே கதைதான். காற்றில் மூலைக்கு மூலை 75 டிகிரி பார்க்கும் 28 மி.மீ. லென்ஸ், ஃபிளாட் போர்ட்டுக்குப் பின்னால் 55 டிகிரிதான் பார்க்கும். 16 மி.மீ. லென்ஸ் தரையில் 107 டிகிரி பார்க்கும், ஃபிளாட் போர்ட்டில் 74 டிகிரிக்குச் சுருங்கிவிடும். நீங்கள் 16 மி.மீ.க்குக் கொடுத்த காசுக்கு 28 மி.மீ. பார்வைதான் கிடைக்கிறது. போதாததற்கு, ஓரங்களில் ஒளி மிகச் சாய்வாக நுழைவதால் நிறங்கள் பிரிந்து, வெள்ளை மணலின் விளிம்பில் நீலமும் சிவப்பும் கசியும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். எந்த லென்ஸைப் பொருத்தினாலும் ஃபிளாட் போர்ட்டின் வழியாகத் தண்ணீருக்குள் 97 டிகிரிக்கு மேல் பார்க்கவே முடியாது. அடுத்த டைவில் மேலே அண்ணாந்து பாருங்கள். வானம் முழுவதும், படகு உட்பட, தலைக்கு மேல் ஒரு வட்டத்துக்குள் அடங்கித் தெரியும். அந்த வட்டத்தின் கோணமும் இதே 97 டிகிரிதான். காரணமும் ஒன்றே.

இவ்வளவு குறை இருந்தும் மேக்ரோவுக்கு ஃபிளாட் போர்ட்டை விஞ்ச ஒன்றுமில்லை. உங்கள் 90 மி.மீ. லென்ஸின் பார்வைக் கோணம் குறுகலானது. ஒளி கிட்டத்தட்ட நேராக நுழைவதால் நிறப்பிரிவு கண்ணில் படாது. தூரம் முக்காலாகத் தெரியும் அதே விதி இங்கே உங்களுக்கு உதவுகிறது. இந்த லென்ஸ் 1:1 அளவில், அதாவது பொருளின் உண்மை அளவிலேயே பிம்பம் சென்சாரில் விழும்படி படம் எடுக்க, சென்சாரிலிருந்து 28 செ.மீ. தூரத்தில் ஃபோகஸ் செய்கிறது. போர்ட் கண்ணாடிக்கு முன்னால் மிஞ்சுவது காற்றுக் கணக்கில் 12 செ.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீரில் அது 16 செ.மீ. ஆகிவிடும். 1:1 அளவு அப்படியே இருக்கிறது, நீங்கள் மட்டும் நாலு செ.மீ. தள்ளி நிற்கலாம். ஓடில்லாத கடல் நத்தையான ஒரு நூடிபிராங்குக்கு இதனால் ஒன்றும் ஆகப்போவதில்லை. ஆனால் வளைக்குள்ளிருந்து தலையை மட்டும் நீட்டும் பிளென்னி என்ற சிறு மீன் உள்ளே ஓடுவதும் ஓடாததும் அந்த நாலு செ.மீ.யில்தான் இருக்கிறது. ஸ்ட்ரோப்பின், அதாவது நீருக்குள் பயன்படுத்தும் ஃபிளாஷின் வெளிச்சத்தைச் சரியான கோணத்தில் விழ வைக்கவும் அந்த இடம் வேண்டும்.

மேக்ரோ போர்ட்டில் பார்க்க வேண்டியது நீளம் ஒன்றுதான். கண்ணாடி லென்ஸின் முனையை ஒட்டி இருக்க வேண்டும். போர்ட் தேவைக்கு மேல் நீளமாக இருந்தால் வேலை செய்யும் தூரம் வீணாகும். குட்டையாக இருந்தால் லென்ஸ் உள்ளேயே போகாது. உங்கள் 90 ஃபோகஸ் செய்யும்போது முன்னே நீளாது என்பது நல்ல வசதி. நீளுகிற பழைய மேக்ரோ லென்ஸாக இருந்தால், நீண்ட நிலைக்கு ஏற்ற போர்ட்டைத்தான் வாங்க வேண்டும்.

இனி டோம். இங்கேதான் பலரும் தடுக்கி விழுகிறார்கள், அதனால் கொஞ்சம் நிதானமாகப் போகிறேன்.

டோம் ஒரு கோளத்தின் துண்டு. அந்தக் கோளத்தின் மையத்தில் லென்ஸின் பார்வை மையம் சரியாக அமர்ந்தால், எல்லாத் திசையிலிருந்தும் வரும் ஒளி கண்ணாடியைச் செங்குத்தாகத் தொடும். செங்குத்தாகத் தொடும் ஒளி வளையாது. அதனால் 107 டிகிரி லென்ஸ் தண்ணீருக்குள்ளும் 107 டிகிரி பார்க்கும், ஓரத்தில் நிறமும் கசியாது. டோமின் பெருமை இதுதான்.

அதற்கு ஒரு விலை உண்டு. தண்ணீரைத் தொட்டதும் டோம் ஒரு குழிலென்ஸ் போல வேலை செய்யத் தொடங்குகிறது. வெளியே இருக்கும் உலகத்தைத் தன் முன்னால் ஒரு சிறிய மாயபிம்பமாகச் சுருக்கிக் கொடுக்கிறது. உங்கள் லென்ஸ் ஃபோகஸ் செய்வது கடலை இல்லை, அந்த மாயபிம்பத்தை. எல்லையில்லாத் தொலைவில் இருக்கும் பொருளின் பிம்பம், டோமின் வளைவு ஆரத்தைப்போல மூன்று மடங்கு தூரத்தில் விழும். பன்னிரண்டாம் வகுப்பு ஒளியியல் சூத்திரத்தில் எண்களைப் போட்டாலே இது வந்துவிடும். எட்டு அங்குல டோமின் ஆரம் 10 செ.மீ. என்றால், அடிவானமே கண்ணாடிக்கு முன்னால் 30 செ.மீ.யில் வந்து நிற்கும். டோமிலிருந்து 30 செ.மீ. தள்ளி இருக்கும் பவளம் 13 செ.மீ.யில் இருப்பதாகத் தெரியும். ஆக, ஓர் அடி தூரத்திலிருந்து கண்ணுக்கெட்டிய தூரம்வரை உள்ள கடல் முழுவதும் ஒரு சாண் இடைவெளிக்குள் மடங்கிவிடுகிறது.

இதிலிருந்து இரண்டு விஷயங்கள் வருகின்றன. முதலாவது, லென்ஸ் கிட்டத்தில் ஃபோகஸ் செய்யத் தெரிந்ததாக இருக்க வேண்டும். எனக்குத் தெரிந்த ஒருவர் பழைய ஜூம் லென்ஸுக்கு ஆறு அங்குல டோம் வாங்கினார். விற்றவர் மவுண்ட் பொருந்துகிறதா என்று மட்டும் பார்த்துக் கொடுத்துவிட்டார். அந்த லென்ஸ் அரை மீட்டருக்குள் ஃபோகஸே செய்யாது. அந்த டோமிலோ அடிவானத்தின் பிம்பமே சென்சாரிலிருந்து 42 செ.மீ. அளவில் விழும். அந்தமானின் ஹேவ்லாக் தீவில் மூன்று நாள், ஆறு டைவ். ஒரு படத்தில்கூட ஃபோகஸ் விழவில்லை. கேமரா கெட்டுப்போயிற்று என்று நினைத்து, ஊர் திரும்பியதும் சர்வீசுக்குக் கொடுத்தார். கெட்டது எதுவும் இல்லை. லென்ஸால் எட்ட முடியாத இடத்தில் பிம்பம் விழுந்துகொண்டிருந்தது. அவ்வளவுதான். பிறகொரு நாள் இந்தக் காரணத்தை நான் சொன்னபோது அவர் முகத்தில் இருந்த வேதனையை நான் இன்னும் மறக்கவில்லை.

உங்கள் 16-35 அந்த அளவுக்கு மோசமில்லை, 28 செ.மீ.வரை வரும். எட்டு அங்குல டோமில் நன்றாகவே ஃபோகஸ் செய்யும். அதையே நாலு அங்குலக் குட்டி டோமில் போட்டால் நிலைமை மாறும். அங்கே ஆரம் 5 செ.மீ., அடிவானம் கண்ணாடிக்கு முன் 15 செ.மீ.யில் விழும். சென்சாரிலிருந்து டோமின் முகப்பு 17 செ.மீ. என்று வைத்தால், தோராயக் கணக்கில் அரை மீட்டருக்குக் கிட்டே இருக்கும் எதையும் அந்த லென்ஸால் பிடிக்க முடியாது. வைட் லென்ஸ் வைத்துக்கொண்டு கிட்டே போக முடியாது என்றால் அதை எடுத்துப்போனதற்கே பொருளில்லை.

இரண்டாவது விஷயம் மூலைகள். அந்த மாயபிம்பம் தட்டையாக விழுவதில்லை, கிண்ணம்போல வளைந்திருக்கும். 16-35 போன்ற லென்ஸ்கள் தட்டையான சுவரை மூலைக்கு மூலை கூர்மையாகப் படமெடுக்கும்படி வடிவமைக்கப்பட்டவை. கிண்ணத்தின் நடுவை ஃபோகஸ் செய்தால் விளிம்பு கலங்கும். டோம் எவ்வளவு சிறியதோ கிண்ணம் அவ்வளவு குழிவு. அதனால்தான் இந்த வகை லென்ஸுக்குப் பெரிய டோம் வேண்டும் என்கிறார்கள். பெரிய டோம் போட்டும் ஃபுல் ஃபிரேமில் எஃப் 11, சில சமயம் எஃப் 13 வரை துளையைச் சுருக்க வேண்டியிருக்கும். புதுச்சேரித் தண்ணீரில் வெளிச்சம் குறைந்த நாளில் எஃப் 11 வைத்தால் ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளியுணர்வு அளவு) எங்கே போகும் என்று உங்களுக்கே தெரியும்.

மிக அகலமாகப் பார்த்து, கோடுகளை வளைத்துக் காட்டும் ஃபிஷ்ஐ லென்ஸுக்கு இந்தத் தொல்லை குறைவு. நேர்க்கோட்டை நேராகக் காட்ட வேண்டும் என்ற கட்டாயம் அதற்கு இல்லை. வளைந்த பிம்பத்தோடு அது இயல்பாகவே ஒத்துப்போகும், கண்ணாடியை முத்தமிடும் தூரத்திலும் ஃபோகஸ் செய்யும். சிறிய சென்சாருள்ள ஏபிஎஸ்-சி கேமராக்காரர்கள் டோகினா 10-17 ஃபிஷ்ஐயை ஆண்டுக்கணக்காக விடாமல் வைத்திருந்ததற்கும், ஃபுல் ஃபிரேமில் கேனன் 8-15 ஃபிஷ்ஐயை அடாப்டர் போட்டு சோனியில் மாட்டுவதற்கும் காரணம் இதுதான். நாலு அங்குல டோமும் ஃபிஷ்ஐயும் சேர்ந்தால், ஒரு கடல்விசிறியை ஒரு சாண் தூரத்தில் வைத்து, அதன் பின்னால் முழு ரீஃபையும் (பவளத்திட்டையும்) டைவரையும் ஒரே படத்தில் கொண்டுவரலாம்.

அடுத்தது எக்ஸ்டென்ஷன் ரிங். டோமின் வளைவு மையத்தில் லென்ஸின் பார்வை மையம் அமர வேண்டும் என்றேன். அந்த மையம் எங்கே இருக்கிறது? லென்ஸை முன்பக்கத்திலிருந்து பாருங்கள். அப்பெர்ச்சர் துளை எந்த ஆழத்தில் இருப்பதுபோலத் தெரிகிறதோ அதுதான் இடம். லென்ஸுக்கு லென்ஸ் இது மாறும். அதைச் சரிக்கட்டத்தான் ஹவுசிங்குக்கும் டோமுக்கும் நடுவில் 20, 30, 40 மி.மீ. ரிங்குகள். ஹவுசிங் தயாரிப்பாளர்கள் எந்த லென்ஸுக்கு எந்த டோம், எத்தனை மி.மீ. ரிங் என்று போர்ட் சார்ட் வெளியிடுகிறார்கள். வாங்கும் முன் அதைக் கட்டாயம் பாருங்கள். வேறு கம்பெனி டோமை அடாப்டர் வைத்து மாட்டப்போகிறீர்கள் என்றால் சார்ட் உதவாது, நாமேதான் சோதிக்க வேண்டும்.

நான் செய்யும் சோதனையைச் சொல்கிறேன். வீட்டில் துணி ஊறவைக்கும் பெரிய பிளாஸ்டிக் தொட்டி போதும். தொட்டியின் ஒரு ஓரத்தில் ஸ்டீல் ஸ்கேலை நட்டமாக நிறுத்துங்கள், பாதி தண்ணீருக்குள், பாதி வெளியே. எதிர் ஓரத்தில் ஹவுசிங்கை, டோமின் நடுவில் நீர்மட்டம் வரும்படி பிடியுங்கள். ஜூமை மிக அகலத்தில் வைத்து, துளையை எஃப் 16க்குச் சுருக்கி, பளிச்சென்று விளக்கு போட்டு ஒரு படம் எடுங்கள். கம்ப்யூட்டரில் பெரிதாக்கி, செ.மீ. கோடுகளைப் பாருங்கள். மேலே இருக்கும் இடைவெளியும் கீழே இருக்கும் இடைவெளியும் ஒன்றாக இருந்தால் ரிங் சரி. தண்ணீருக்குள் இருக்கும் கோடுகள் அகன்று தெரிந்தால் லென்ஸ் கண்ணாடிக்கு மிகக் கிட்டே இருக்கிறது, நீளமான ரிங் வேண்டும். கோடுகள் நெருங்கித் தெரிந்தால் ரிங் நீளம் அதிகம். அப்போது மூலைகளில் போர்ட்டின் விளிம்பு கறுப்பாக எட்டிப் பார்க்கவும் கூடும். 20 மி.மீ. போட வேண்டிய இடத்தில் 10 மி.மீ. போட்டு நான் எடுத்த படத்தில், நீர்மட்டத்தில் ஸ்கேல் சட்டென்று தடித்தது கண்ணாலேயே தெரிந்தது. அந்தப் படத்தைப் பார்த்த பிறகு ரிங் ஒரு உபரிச் சாமான் என்ற எண்ணமே எனக்கு வந்ததில்லை.

கண்ணாடியா அக்ரிலிக்கா என்ற கேள்விக்கு, பாதி வானம் பாதி கடல் வரும் ஸ்பிளிட் ஷாட் எடுப்பீர்களா என்பதைப் பொறுத்துப் பதில் மாறும். அக்ரிலிக் எளிதில் கீறும். ஆனால் அதன் ஒளிவிலகல் எண் 1.49, கண்ணாடியைவிடத் தண்ணீருக்குக் கொஞ்சம் நெருக்கம். வெளிப்பக்கக் கீறலில் தண்ணீர் நிறைந்ததும் சின்னக் கீறல்கள் பெரும்பாலும் மறைந்துவிடும். ஆழமான கீறலையும், படிப்படியாக நுண்மையாகும் உரசுதாள் கிட் வைத்துப் பொறுமையாகத் தேய்த்தால் போக்கிவிடலாம். கண்ணாடி எளிதில் கீறாது, கீறினால் மாற்றுவதைத் தவிர வழியில்லை. எதிரொளிப்பைக் குறைக்கும் பூச்சு கண்ணாடியில் நன்றாக இருக்கும். சூரியனை எதிர்த்து எடுக்கும்போது அது தெரியும். ஸ்பிளிட் ஷாட்டில் டோமின் மேல்பாதி காற்றில் இருப்பதால் அக்ரிலிக்கின் ஒவ்வொரு கீறலும் வெளிச்சம் போட்டுக் காட்டும். ஸ்பிளிட் பிரியர்கள் கண்ணாடிக்குப் போவது சரிதான். அந்தப் படத்துக்குப் பெரிய டோமும் வேண்டும். சின்ன டோமில் சிறு அலைகூடப் படத்தின் பாதியை விழுங்கிவிடும்.

எடையையும் மறக்காதீர்கள். 20 செ.மீ. விட்டமுள்ள முழு அரைக்கோளத்துக்குள் இரண்டு லிட்டருக்கு மேல் காற்று இருக்கும். அது இரண்டு கிலோ விசையோடு கேமராவின் மூக்கை மேலே தூக்கும். கண்ணாடியின் சொந்த எடை அதில் கொஞ்சம் ஈடுகட்டும், அக்ரிலிக் ஈடுகட்டாது. ஒரு மணி நேர டைவில் மணிக்கட்டு அதைச் சொல்லிவிடும்.

அக்ரிலிக் வாங்கினால் ஸ்பிரிட், ஆல்கஹால், கண்ணாடி துடைக்கும் திரவம் எதையும் அதன்மேல் படவிடாதீர்கள். நுண்ணிய வெடிப்புகள் ஓடிவிடும். நல்ல தண்ணீர் போதும். படகில் எல்லோரும் கேமரா போடும் பொதுத் தொட்டியில் டோமை விட்டுவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள். என் முதல் டோமில் விழுந்த நீளக் கீறல் கடலில் விழுந்ததில்லை, அந்தத் தொட்டியில் இன்னொருவரின் ஸ்ட்ரோப் கை உரசி விழுந்தது.

இப்போது உங்களுக்கு நான் சொல்லும் தேர்வு. 28-60ஐ நீங்கள் கணக்கிலேயே எடுக்காமல் கேள்வி கேட்டிருக்கிறீர்கள். தரையில் அது சாதாரண கிட் லென்ஸ்தான். தண்ணீருக்குள் அதுதான் உங்கள் பையிலேயே மதிப்புள்ள லென்ஸ். அதற்கென்று இருக்கும் ஃபிளாட் போர்ட்டைப் போட்டு, முன்னால் வெட் லென்ஸ் ஒன்றை, அதாவது போர்ட்டுக்கு வெளியே நீரிலேயே மாட்டிக் கழற்றும் லென்ஸை மாட்டுங்கள். நாட்டிகாம் கம்பெனியின் டபிள்யூடபிள்யூஎல்-1 போன்றவை 28 மி.மீ. லென்ஸின் பார்வையை 130 டிகிரிக்கு விரிக்கின்றன. உங்கள் 16 மி.மீ.யைவிட இது அகலம். இவை தண்ணீருக்காகவே கணக்கிட்டுச் செய்த பல கண்ணாடிகளைக் கொண்ட லென்ஸ்கள். டோமின் கிண்ணப் பிம்பத் தொல்லை இவற்றில் மிகக் குறைவு, எஃப் 8லேயே மூலைகள் கூர்மையாக வரும். பொருள் முன்கண்ணாடியைத் தொடும் தூரம்வரை ஃபோகஸ் வரும். ஜூமும் முழுதாக வேலை செய்யும், அகலமான ரீஃபும் ஒற்றை மீனின் முகமும் ஒரே டைவில் கிடைக்கும்.

தண்ணீருக்கென்றே லென்ஸ் செய்வது புதிய யோசனையும் இல்லை. 1963இல் வந்த நிகோனோஸ் கேமராவுக்கு நிகான் செய்த 15 மி.மீ. லென்ஸின் முன்கண்ணாடி நேராகக் கடல்நீரைத் தொடும். நீருக்குள் 94 டிகிரி பார்க்கும், கரையில் அதற்கு வேலையே இல்லை. டிஜிட்டல் வந்ததும் எல்லோரும் தரை லென்ஸுக்கு டோம் போடும் வழிக்குப் போனோம். இப்போது அந்தப் பழைய வழி திரும்பி வந்திருப்பதில் எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சி.

வெட் லென்ஸுக்கு ஒரே ஒரு பழக்கம் வேண்டும். போர்ட்டுக்கும் அதற்கும் நடுவில் தண்ணீர் நிறைந்திருக்க வேண்டும். குதித்ததும் ஒரு மீட்டர் ஆழத்தில் லென்ஸைக் கழற்றி, இரண்டு கண்ணாடிகளிலும் ஒட்டியிருக்கும் குமிழிகளை விரலால் துடைத்துவிட்டு மறுபடி மாட்டுங்கள். இதை மறந்தால் எல்லாப் படத்திலும் ஒரே இடத்தில் ஒரு வெள்ளி வட்டம் இருக்கும். ஸ்பிளிட் ஷாட்டுக்கும் இது ஒத்துவராது. மேலே தூக்கினால் நடுவில் இருக்கும் தண்ணீர் வடிந்துவிடும்.

புதுச்சேரிக்கு இந்த ஏற்பாடு இன்னும் பொருத்தம். கலங்கலான நாளில் படத்தைக் காப்பாற்றுவது கேமராவுக்கும் மீனுக்கும் நடுவில் இருக்கும் தண்ணீரைக் குறைப்பது ஒன்றுதான். அகலமாகப் பார்க்கும், கிட்டே ஃபோகஸ் செய்யும் கண்ணாடி அதற்குத்தான். 16-35 தரையில் இருக்கட்டும்.

இரண்டாவதாகப் பணம் சேர்ந்ததும் 90க்கு மேக்ரோ போர்ட் வாங்குங்கள், முன்னால் 67 மி.மீ. மரை உள்ளதாகப் பார்த்து. பின்னாளில் நீருக்குள் மாட்டிக் கழற்றும் குளோஸ்-அப் லென்ஸை அதில் திருகிக்கொள்ளலாம். கடையில் கிடைக்கும் சாதாரண குளோஸ்-அப் ஃபில்டரை அங்கே மாட்டாதீர்கள். இரண்டு பக்கமும் தண்ணீர் பட்டால் அதன் சக்தி பெரும்பாலும் போய்விடும். நீருக்கென்று செய்தவை கண்ணாடிகளுக்கு நடுவே காற்றை அடைத்துச் செய்யப்பட்டவை.

வாங்கும்முன் உங்கள் ஹவுசிங்கின் போர்ட் மவுண்ட் விட்டம் எவ்வளவு என்று பாருங்கள். ஒரே கம்பெனியிலேயே இரண்டு மூன்று அளவுகள் உண்டு. சார்ட்டில் 28-60க்கு நேராக எந்த போர்ட் எண், எந்த ஜூம் கியர் (வெளியிலிருந்து ஜூமைத் திருப்பும் பல்வளையம்) என்று போட்டிருக்கிறதோ அதையே எழுதி அனுப்பி ஆர்டர் கொடுங்கள். போர்ட் வந்ததும் கேமராவை உள்ளே வைக்காமல் வெறும் ஹவுசிங்கை ஒரு டைவுக்குக் கொண்டுபோய், தண்ணீர் புகாமல் தடுக்கும் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் பிடிக்கிறதா என்று பார்த்துவிட்டு அந்தமானுக்குக் கிளம்புங்கள்.